இல்லாத இயந்திரத்துக்குப் பாடம் எழுதியவர்!



வீட்டுப்பாடத்தில் ஒரு சந்தேகம். அப்பாவின் செல்போனை எடுக்கிறீர்கள். கேள்வியைத் தட்டுகிறீர்கள். கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்து விழுகிறது. அதுவும் எப்படி? டீச்சர் விளக்கிச் சொல்வது போல, அழகான வாக்கியங்களில், கொஞ்சமும் தயங்காமல்! எல்லாம் 'செயற்கை நுண்ணறிவு' செய்யும் வேலை. சுருக்கமாக, ஏ.ஐ.

சரி, அந்தப் பதிலை அப்படியே நோட்டில் எழுதிவிடலாமா? அந்த இயந்திரத்துக்கு உண்மையிலேயே எல்லாம் தெரியுமா? அதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

இந்தக் கேள்வி ஏதோ நேற்று முளைத்தது என்று நினைக்காதீர்கள். 1843ஆம் ஆண்டிலேயே ஒருவர் இதைப் பற்றி ஆழமாக யோசித்து எழுதி வைத்துவிட்டார். அப்போது கம்ப்யூட்டர் கிடையாது. வீடுகளில் மின்சார விளக்குகூடக் கிடையாது. எழுதியவருக்கு வயது 27. மூன்று குழந்தைகளின் தாய். அவர் பெயர் அடா லவ்லேஸ். அவருடைய கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

கவிஞரின் மகள்

1815ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் தேதி லண்டனில் பிறந்தார் அடா. அப்பா யார் தெரியுமா? புகழ்பெற்ற ஆங்கிலக் கவிஞர் பைரன் பிரபு! அம்மா அனபெல்லா. கணக்கில் மிகுந்த ஆர்வம் உள்ளவர்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒத்துப்போகவில்லை. அடா ஒரு மாதக் கைக்குழந்தையாக இருந்தபோதே, அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் பெற்றோர் வீட்டுக்குப் போய்விட்டார். சில மாதங்களில் பைரன் இங்கிலாந்தை விட்டே கிளம்பினார். அதன்பிறகு மகளை அவர் பார்க்கவே இல்லை. 1824ல் கிரீஸ் நாட்டில் காய்ச்சலில் இறந்துபோனார். அப்போது அடாவுக்கு 8 வயது.

அப்பாவின் முன்கோபமும், நிலையில்லாத குணமும் மகளுக்கும் வந்துவிடுமோ என்று அம்மாவுக்குப் பெரிய பயம். அதற்கு அவர் கண்டுபிடித்த மருந்து என்ன தெரியுமா? கணக்கு! சின்ன வயதிலிருந்தே வீட்டுக்கு வாத்தியார்களை வரவழைத்து, கணிதமும் அறிவியலும் சொல்லித்தர ஏற்பாடு செய்தார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் பெண்கள் பல்கலைக்கழகத்தில் படிக்க முடியாது. பணக்கார வீட்டுப் பெண்களுக்குக்கூட பாட்டு, படம் வரைதல், பிரெஞ்சு மொழி இவைதான் பாடம். அப்படிப்பட்ட காலத்தில் ஒரு சிறுமிக்குக் கணக்குப் பாடம் என்பது அபூர்வம்.

அம்மா ஒன்று நினைத்தார், நடந்தது இன்னொன்று. அடா கணக்கையும் கற்றுக்கொண்டார். அப்பாவின் கற்பனையையும் விட்டுவிடவில்லை!

பறக்க ஆசை

12 வயதில் அடாவுக்கு ஓர் ஆசை வந்தது. பறக்க வேண்டும்! சும்மா கனவு கண்டுகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. பறவைகளின் இறக்கைகளை ஆராய்ந்தார். உடம்பின் அளவுக்கு இறக்கை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று யோசித்தார். காகிதத்தில் செய்யலாமா, பட்டுத்துணியில் செய்யலாமா, கம்பி வைக்கலாமா என்று திட்டம் போட்டார். நீராவியால் பறக்கும் ஒரு குதிரையைக்கூட மனதில் வடிவமைத்தார். எல்லாவற்றையும் படங்களோடு ஒரு புத்தகமாக எழுதவும் விரும்பினார்.

ஆனால், 1829ல் பெரிய சோதனை. தட்டம்மை நோய் தாக்கியது. உடம்பு செயலிழந்தது. கிட்டத்தட்ட ஒரு வருடம் படுத்த படுக்கை. அதன் பிறகும் நீண்ட நாட்கள் ஊன்றுகோல் பிடித்துத்தான் நடந்தார். பறக்க ஆசைப்பட்ட சிறுமியால் நடக்கவே முடியவில்லை. ஆனாலும் படிப்பை விடவில்லை. படுக்கையிலேயே பாடம் தொடர்ந்தது.

இயந்திரத்தைப் பார்த்த நாள்

1833ஆம் ஆண்டு ஜூன் மாதம். 17 வயது அடா ஒரு விருந்தில் சார்லஸ் பாபேஜ் என்ற கணித அறிஞரைச் சந்தித்தார். கம்ப்யூட்டரின் தந்தை என்று பொது அறிவுப் புத்தகத்தில் படித்திருப்பீர்களே, அவரேதான்!

அந்தக் காலத்தில் கப்பல் ஓட்டுபவர்களும், வானியல் அறிஞர்களும், இன்ஜினீயர்களும் அச்சடித்த கணக்கு அட்டவணைகளை நம்பித்தான் வேலை செய்தார்கள். அவற்றை மனிதர்கள் கையால் கணக்குப் போட்டு எழுதினார்கள். ஒரு எண் தப்பானாலும் போச்சு! கப்பல் திசைமாறிப் போகலாம். 1821ல் நண்பர் ஜான் ஹெர்ஷலுடன் உட்கார்ந்து அப்படிச் சில கணக்குகளைச் சரிபார்த்தபோது, பிழைக்கு மேல் பிழையாக இருந்ததைப் பார்த்து பாபேஜ் நொந்துபோனார். அலுக்காமல், சலிக்காமல், பிழையில்லாமல் கணக்குப் போட ஓர் இயந்திரம் செய்தால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. அதுதான் 'வித்தியாச இயந்திரம்'. அரசாங்கம் பணம் கொடுத்தது. வேலையும் தொடங்கியது.

அந்த இயந்திரத்தின் ஒரு பகுதி மட்டும் தயாராகி, பாபேஜின் வீட்டில் இருந்தது. பித்தளைச் சக்கரங்கள் அடுக்கடுக்காக நிற்கும். கைப்பிடியைச் சுற்றினால் சக்கரங்கள் திரும்பி விடையைக் காட்டும். அம்மாவுடன் அதைப் பார்க்கப் போனார் அடா.

வருகிற விருந்தாளிகளுக்கு பாபேஜ் ஒரு வேடிக்கை காட்டுவது வழக்கம். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, எண்கள் ஒரே சீராக ஏறிக்கொண்டே போகும். பார்ப்பவர்களுக்கு, அடுத்து என்ன எண் வரும் என்பது அத்துப்படி ஆகிவிடும். திடீரென்று, எதிர்பாராத ஓர் எண்ணுக்கு இயந்திரம் தாவும்! எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். இயந்திரம் தானாகவே முடிவெடுத்துவிட்டது போல இருக்கும். உண்மை என்ன? இத்தனையாவது சுற்றில் இப்படி மாற வேண்டும் என்று பாபேஜ் முன்கூட்டியே அமைத்து வைத்திருப்பார்!

வந்தவர்களில் பலர் ஏதோ மந்திரப் பொருளைப் பார்ப்பது போல அந்த இயந்திரத்தைப் பார்த்தார்கள். அடா மட்டும் அது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டார். கூடப் போயிருந்த தோழி சோபியா பிற்காலத்தில் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஆச்சரியப்படுவது நல்லதுதான். ஆனால், ஆச்சரியத்தோடு நின்றுவிடாமல், உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தார் பாருங்கள், அதுதான் அடா!

மதுரையில் பிறந்த வாத்தியார்

1835ல் வில்லியம் கிங் என்பவரை மணந்தார் அடா. 1838ல் அவர் லவ்லேஸ் பிரபு ஆனார். அடாவும் லவ்லேஸ் சீமாட்டி ஆனார். இரண்டு மகன்கள், ஒரு மகள் பிறந்தார்கள். வீடு, குழந்தைகள், அடிக்கடி வரும் உடல்நலக்குறைவு. இத்தனைக்கும் நடுவே மறுபடியும் கணக்குப் படிக்க ஆசைப்பட்டார்.

அப்போது அவருக்கு உயர் கணிதம் கற்றுத்தந்தவர் அகஸ்டஸ் டி மார்கன். தோழி சோபியாவின் கணவர். பெரிய வகுப்புக்குப் போனால், டி மார்கன் விதிகள் என்று நீங்கள் படிப்பீர்களே, அந்த டி மார்கன்தான். அவர் எங்கே பிறந்தார் தெரியுமா? நம்ம மதுரையில்! அவருடைய அப்பா கிழக்கிந்திய கம்பெனி ராணுவத்தில் அதிகாரி. 1806ல் மதுரையில் பிறந்து, கைக்குழந்தையாக இங்கிலாந்து போனவர் டி மார்கன். அவர் கடிதம் மூலமாகவே அடாவுக்குப் பாடம் நடத்தினார். புரியாத இடத்தில் அடா லேசில் விடமாட்டார். கேள்வி மேல் கேள்வியாகக் கடிதம் போகும்!

தறியில் பிறந்த யோசனை

இதற்குள் பாபேஜ் இன்னொரு பெரிய கனவில் இறங்கியிருந்தார். முதல் இயந்திரம் ஒருவகைக் கணக்கு மட்டும்தான் போடும். புதிய இயந்திரம் எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் போட வேண்டும்! அதற்கு 'பகுப்பாய்வு இயந்திரம்' என்று பெயர். எண்களைச் சேமித்து வைக்க ஒரு பகுதி. கணக்குப் போட இன்னொரு பகுதி. இன்றைய கம்ப்யூட்டரிலும் நினைவகம் தனி, கணக்குப் போடும் பகுதி தனி. கிட்டத்தட்ட அதே அமைப்பு!

சரி, எந்தக் கணக்கைப் போட வேண்டும் என்று இயந்திரத்துக்கு எப்படிச் சொல்வது? பாபேஜுக்குக் கைகொடுத்தது நெசவுத் தறி. பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ஜக்கார்டு என்பவர், துளையிட்ட அட்டைகளால் இயங்கும் தறியை உருவாக்கியிருந்தார். எந்த இடத்தில் துளை இருக்கிறதோ, அதற்கு ஏற்ப நூல் உயரும். அட்டைகளை மாற்றினால் துணியில் பூ மாறும். காஞ்சிபுரத்தில் பட்டு நெய்பவர்கள் வீட்டுக்குப் போனால், தறிக்கு மேலே துளையிட்ட அட்டைகள் சங்கிலி போலத் தொங்குவதைப் பார்க்கலாம். அதே ஜக்கார்டு முறைதான்!

ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்த ஒரு படம் பாபேஜிடம் இருந்தது. அதை நெய்யத் தேவைப்பட்ட அட்டைகள் எத்தனை தெரியுமா? சுமார் 24 ஆயிரம்! இதே போல, துளை அட்டைகளால் தன் இயந்திரத்துக்கும் கட்டளை கொடுக்கலாம் என்று பாபேஜ் முடிவு செய்தார்.

1840ல் இத்தாலியின் டுரின் நகரத்தில் இதைப் பற்றி விளக்கினார். அதைக் கேட்ட மெனபிரியா என்ற இன்ஜினீயர், 1842ல் பிரெஞ்சு மொழியில் ஒரு கட்டுரை எழுதினார். அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும் வேலை அடாவிடம் வந்தது. இயந்திரத்தை இவ்வளவு நன்றாகப் புரிந்து வைத்திருக்கும் அடா, தன் கருத்துகளையும் சேர்த்து எழுதலாமே என்றார் பாபேஜ். பேனாவை எடுத்தார் அடா.

குட்டி எழுத்து மூன்று

1843ஆம் ஆண்டு முழுமூச்சாக உழைத்தார். பாபேஜுக்கும் அவருக்கும் இடையே கடிதங்கள் பறந்தன. பாபேஜ் போட்ட கணக்கில் இருந்த ஒரு பெரிய பிழையையும் கண்டுபிடித்துச் சொன்னார் அடா. கடைசியில் மொத்தம் ஏழு குறிப்புகள். மூலக்கட்டுரையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு நீளம்! அடியில் முழுப்பெயர் போடவில்லை. ஏ.ஏ.எல். என்று மூன்று எழுத்து மட்டும்தான்.

ஏழாவது குறிப்பில், 'பெர்னூலி எண்கள்' என்ற கடினமான எண் வரிசையை இயந்திரம் எப்படிக் கணக்கிட வேண்டும் என்று 25 படிகளாகப் பிரித்து அட்டவணை போட்டார். கணவர் வில்லியம், அடா பென்சிலால் எழுதியதன் மேல் மையால் எழுதி உதவினார்.

படிப்படியாக எழுதுவது என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? உங்கள் தம்பியிடம் எலுமிச்சை ஜூஸ் போடச் சொல்லுங்கள். சொன்னதை மட்டும்தான் செய்ய வேண்டும், சொல்லாததைச் செய்யக்கூடாது என்று நிபந்தனை போடுங்கள். பழத்தை நறுக்கு என்று சொல்ல மறந்தால், முழுப் பழத்தையும் தண்ணீரில் போட்டுவிட்டு நிற்பான்! இயந்திரமும் அப்படித்தான். ஒரு படியை விட்டாலும் விடை தப்பாகிவிடும்.

இந்த அட்டவணையை வைத்துத்தான் அடாவை உலகின் முதல் கம்ப்யூட்டர் புரோகிராமர் என்கிறார்கள். பாபேஜும் அதற்கு முன்பே சில சிறிய கணக்குகளை இப்படி எழுதியிருந்தார் என்பதால், ஆய்வாளர்களிடையே இதுபற்றி வாதம் உண்டு. ஆனால், அச்சில் வந்தவற்றில் இவ்வளவு விரிவானது அடாவுடையதுதான். இன்னொரு விஷயம். அச்சான அட்டவணையின் நான்காவது படியில் ஒரு சின்னப் பிழை! வகுக்க வேண்டிய எண்ணும், வகுபடும் எண்ணும் இடம் மாறிவிட்டன. ஆக, கம்ப்யூட்டர் பிறப்பதற்கு முன்பே, புரோகிராமில் பிழையும் பிறந்துவிட்டது!

இரண்டு எச்சரிக்கைகள்

பாபேஜ் தன் இயந்திரத்தை எண்களை அரைக்கும் ஆலையாகவே பார்த்தார். அடாவின் கண்ணுக்கு அதற்கு மேலும் தெரிந்தது. எண்கள் மட்டும் ஏன்? இசையின் சுரங்களுக்கு இடையே உள்ள தொடர்பை விதிகளாக எழுத முடிந்தால், இந்த இயந்திரம் இசைகூட அமைக்கலாமே என்று எழுதினார். ஜக்கார்டு தறி பூவும் இலையும் நெய்வது போல, இது கணிதக் கோலங்களை நெய்கிறது என்று விளக்கினார். இன்று கம்ப்யூட்டரில் பாட்டு, படம், எழுத்து எல்லாமே வருகிறதே! நூறு வருடத்துக்கும் முன்பே அதை ஊகித்தவர் அவர்.

இவ்வளவு கனவு கண்டவர், இயந்திரத்தை ஆகா ஓகோ என்று புகழ்ந்துவிட்டுப் போயிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால், அவர் நேர்மையாக எல்லையையும் சொன்னார். இந்த இயந்திரம் தானாக எதையும் தோற்றுவிக்காது. எதைச் செய்யச் சொல்லி நமக்குக் கட்டளையிடத் தெரியுமோ, அதைத்தான் அது செய்யும் என்று தெளிவாக எழுதினார்.

மக்களின் மனதைப் பற்றியும் ஒன்று சொன்னார். புதிய பொருள் வந்தால், முதலில் அதை அளவுக்கு மீறித் தூக்கிவைத்துக் கொண்டாடுவோம். பிறகு நினைத்த அளவுக்கு இல்லை என்று தெரிந்ததும், அதன் உண்மையான மதிப்பையும் மறந்து மட்டம் தட்டுவோம். இரண்டுமே தவறு என்பது அவர் கருத்து.

இந்த நேர்மைக்கு ஒரு சோதனையும் வந்தது. 1842ல் அரசாங்கம் முதல் இயந்திரத்துக்கான உதவியை நிறுத்திவிட்டது. அதுவரை செலவான தொகை சுமார் 17 ஆயிரம் பவுண்டு! கோபத்தில் இருந்த பாபேஜ், அரசாங்கத்தைக் குறைசொல்லும் ஒரு முன்னுரையைப் பெயர் போடாமல் கட்டுரையோடு சேர்க்க நினைத்தார். அடா சம்மதிக்கவில்லை. தன் குரு, தன் நண்பர் என்றாலும் மறுத்துவிட்டார். இருவருக்கும் மனவருத்தம் வந்து, பிறகு சமாதானம் ஆனது.

பகுப்பாய்வு இயந்திரத்தைப் பாபேஜால் கடைசிவரை செய்து முடிக்க முடியவில்லை. அடா தன் புரோகிராம் ஓடுவதைப் பார்க்கவே இல்லை.

கடைசி நாட்கள்

அடாவின் வாழ்க்கையில் இருட்டான பக்கமும் உண்டு. குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டும் பழக்கம் தொற்றிக்கொண்டது. பெரும் தொகையை இழந்தார். குடும்பத்தின் வைர நகைகள் அடகுக்குப் போயின. அம்மா பணம் கட்டி மீட்டார். இயந்திரத்தின் எல்லை தெரிந்த அந்த அறிவாளிக்கு, பந்தய விஷயத்தில் தன் எல்லை தெரியவில்லை. குறையே இல்லாத மனிதர் உண்டா?

கடைசியில் புற்றுநோய் வந்தது. கடுமையான வலியில் தவித்தார். 1852ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் தேதி, 36 வயதில் கண்மூடினார். அப்பா பைரன் இறந்ததும் அதே 36 வயதில்தான். அடாவின் விருப்பப்படி, ஹக்நால் என்ற ஊரின் தேவாலயத்தில் அப்பாவின் அருகிலேயே அடக்கம் செய்தார்கள். வாழ்நாளில் சேர முடியாத அப்பாவும் மகளும் அங்கே சேர்ந்தார்கள்.

அடா சொன்னது சரியா?

நூறு வருடங்கள் அடாவின் குறிப்புகளை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. நிஜமான கம்ப்யூட்டர்கள் வந்த பிறகு மறுபடி தேடி எடுத்தார்கள். 1950ல் ஆலன் டூரிங் என்ற மேதை, இயந்திரம் சிந்திக்குமா என்று ஒரு கட்டுரை எழுதினார். அதில் அடாவின் கருத்தை எடுத்து வைத்து வாதம் செய்தார். இயந்திரங்கள் தன்னை அடிக்கடி ஆச்சரியப்படுத்துகின்றன என்றார். குழந்தையைப் போல இயந்திரத்தையும் கற்கவைக்கலாமே என்றும் யோசனை சொன்னார். அமெரிக்க ராணுவத்துக்காக உருவான ஒரு கம்ப்யூட்டர் மொழிக்கு 'அடா' என்றே பெயர் வைத்தார்கள்.

இன்றைய ஏ.ஐ., டூரிங் சொன்னது போலக் கற்றுக்கொள்ளும் இயந்திரம்தான். ஒவ்வொரு படியையும் யாரும் எழுதித் தருவதில்லை. மனிதர்கள் எழுதிய கோடிக்கணக்கான பக்கங்களை அதற்குக் கொடுக்கிறார்கள். எந்தச் சொல்லுக்குப் பிறகு எந்தச் சொல் வரும் என்று அதிலிருந்து பழகிக்கொள்கிறது. அதனால், செய்தவர்களே எதிர்பார்க்காத பதில்களும் வருகின்றன. அடா காலத்து இயந்திரத்தைவிட இது வெகுதூரம் வந்துவிட்டது, உண்மைதான்.

ஆனால், அதற்குப் பாடம் கொடுப்பது யார்? மனிதர்கள். பாடத்தில் தப்பு இருந்தால் பதிலிலும் தப்பு வரும். பொருத்தமாக ஒலிக்கும் சொற்களை அடுக்கும்போது, இல்லாத புத்தகத்தையும் நடக்காத சம்பவத்தையும்கூட அது சொல்லிவிடுவது உண்டு. அதன் குரலில் தயக்கமே இருக்காது என்பதால், நாமும் நம்பிவிடுவோம். பாபேஜ் வீட்டு விருந்தாளிகள் வாயைப் பிளந்த கதைதான்!

அடா வழியில் ஐந்து கேள்விகள்

ஏ.ஐ.யைப் பயன்படுத்தும்போது இவற்றை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

1. இந்தப் பதில் சரியா? பாடப்புத்தகத்தில் பாருங்கள், அல்லது ஆசிரியரிடம் கேளுங்கள். தேதி, பெயர், எண் இவற்றைக் கட்டாயம் சரிபாருங்கள்.

2. இதைச் செய்தது யார்? பின்னால் ஒரு நிறுவனம் இருக்கும். அதற்கு லாபம் உண்டு. ஒரு பொருளை வாங்கச் சொன்னால், ஏன் சொல்கிறது என்று யோசியுங்கள்.

3. நான் எதைக் கொடுக்கிறேன்? வீட்டு முகவரி, போன் நம்பர், பாஸ்வேர்டு, குடும்பப் புகைப்படம் எதையும் தட்டாதீர்கள்.

4. இது நிஜமான குரலா, படமா? தெரிந்தவர் குரலில் பேசிப் பணம் கேட்டால், உடனே நம்ப வேண்டாம். போனை வைத்துவிட்டு, அவருடைய வழக்கமான நம்பருக்குக் கூப்பிட்டுக் கேட்கலாம்.

5. இதை நானே செய்து பார்த்தேனா? கணக்கை நீங்கள் போட்டுவிட்டு, பிறகு அதனிடம் சரிபார்க்கலாம். அப்போதுதான் அதன் தப்பும் உங்கள் கண்ணில் படும்.

ஏ.ஐ.யைக் கண்டு பயப்பட வேண்டாம் குட்டீஸ். தெய்வம் போல நம்பவும் வேண்டாம். அடுத்த முறை அப்பாவின் செல்போனில் பதில் வந்து விழும்போது, 17 வயது அடாவை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் வாயைப் பிளந்து நிற்க, சக்கரம் எப்படிச் சுற்றுகிறது என்று குனிந்து பார்த்தாரே, அவரைப் போல நீங்களும் பார்ப்பீர்கள்தானே?